கண்ணாடி, பால்மரம், தகரடப்பா: பினாங்கின் பழைய பால்புட்டிகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நாடுகளில் பரவலாகப் புழங்கிய குழந்தைப் பால்புட்டி, இன்றைய புட்டியைப் போல நிமிர்ந்து நிற்பதன்று. தோணி வடிவில் படுத்துக் கிடக்கும் அதன் இரு முனைகளிலும் திறப்புகள் உண்டு. ஒன்றில் குழந்தை சப்புவதற்கான ரப்பர் காம்பும், மற்றொன்றில் பால் குறையக் குறையக் காற்று உள்ளே நுழைவதற்கான ரப்பர் அடைப்பும் பொருத்தப்படும். அவுன்ஸ் அளவுகள் புட்டியின் உடலிலேயே புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். இத்தகைய புட்டி ஒன்று ஜார்ஜ்டவுனின் பழைய வீடொன்றில் வெள்ளிச் சங்குக்கும் பித்தளைப் பாலாடைக்கும் பக்கத்தில் பாட்டி காலத்து நினைவாகக் காக்கப்படும்போது, அது அக்குடும்பத்தின் கதையை மட்டும் தாங்கி நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் ரப்பர், வெள்ளீயம், டப்பாப்பால் ஆகிய மூன்று வணிகங்களும், அவற்றின் நடுவே வளர்ந்த கைக்குழந்தைகளின் உயிர்ப் பிரச்சினையும், பின்னாளில் அதே நகரத்திலிருந்து எழுந்த உலகளாவிய இயக்கமும் அந்தச் சிறு கண்ணாடிக் கலத்தில் ஒன்றுகூடுகின்றன.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு வேறு பாலைப் புகட்டக் கலம் செய்யும் வழக்கம் மிகப் பழையது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் வெண்கலக் கால, இரும்புக் காலக் குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்த, மூக்கு வைத்த சிறு மண்கலங்களைப் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேதியியல் முறையில் பரிசோதித்து, அவற்றின் சுவர்களில் அசைபோடும் விலங்குகளின் பால்கொழுப்பு ஊறியிருந்ததை 2019இல் வெளியிட்டனர். தமிழர் வீடுகளில் இப்பணியைச் செய்த சங்கும் பாலாடையும் அமைப்பால் இன்னும் எளியவை: மூடியில்லாத, ஆழமில்லாத கிண்ணம், அதன் ஓரத்தில் பால் வழியக் குறுகிய மூக்கு. விரல் எட்டாத மூலை எதுவும் இல்லாததால் அவற்றை முழுமையாகத் தேய்த்துக் கழுவவும் கொதிநீரில் போட்டு எடுக்கவும் முடியும். பச்சிளங்குழந்தைகளுக்குப் பாலூட்டும் முறைகளை ஒப்பிட்டு 1999இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், புட்டியையும் கிண்ணத்தையும்விடப் பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதலான பாலை அமைதியாகக் குடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் பாலூட்டுவது இந்திய மருத்துவமனைகளில் இன்றும் நடைமுறையில் இருப்பது, பாட்டிமார் அறிவுக்குக் கிடைத்த உரிய மதிப்பு என்றே கொள்ள வேண்டும்.

மேற்கில் இக்கருவி சென்ற வழி வேறு. 1841இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் விண்ட்ஷிப் கண்ணாடிப் பால்புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1845இல் நியூயார்க்கின் எலைஜா பிராட் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் காம்புக்கு வழி திறந்தது, 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த கந்தகமேற்றல் முறை. பச்சை ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கந்தக அணுக்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, வெப்பத்தில் இளகாத, குளிரில் நொறுங்காத, இழுத்தால் மீளும் பொருளாக அது மாறிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் பெரிதும் விற்றது நீண்ட ரப்பர்க் குழாய் கொண்ட புட்டி ஆகும். ‘அலெக்ஸாண்ட்ரா’ போன்ற அரச குடும்பத்துப் பெயர்களைச் சுமந்து வந்த அப்புட்டியைத் தொட்டிலில் வைத்துவிட்டால், குழாயின் நுனியைச் சப்பியபடி குழந்தை தானே குடித்துக்கொள்ளும். தாயின் அல்லது செவிலியின் கைக்கு ஓய்வு கிடைக்கும். அந்த வசதியே வினையாயிற்று. விரற்கடை அகலமும் இல்லாத அக்குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியில்லாததால், அங்கே தங்கிய பால் படலத்தில் நுண்ணுயிர்கள் தாமே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காகப் பெருகின. நுண்ணுயிர்ப்படலம் என்று அறிவியலார் அழைக்கும் இப்பசைக் குடியிருப்பு வெறும் நீரோட்டத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதற்கும் இப்புட்டிக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் உணர்ந்து கண்டித்த பின்னரும் விற்பனை பல்லாண்டு தொடர்ந்தது. கொலைகாரப் புட்டி என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. பிரான்ஸ் 1910 ஏப்ரலில் சட்டம் இயற்றிக் குழாய்ப் புட்டிகளின் விற்பனையைத் தடைசெய்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் தோணிப் புட்டியின் அருமை புரியும். லண்டனின் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் மருந்து நிறுவனம் 1890களில் தொடங்கி ‘ஆலன்பரிஸ்’ என்ற பெயரில் பரப்பிய அவ்வடிவத்தில் இரு முனைகளும் திறந்திருப்பதால், ரப்பர்ப் பகுதிகளைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் பிடித்தால் நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். தூரிகை எல்லா இடத்தையும் தொடும். உட்சுவர் வளைந்திருப்பதால் பால் தேங்கும் மூலை இராது. நுண்ணுயிர்க் கோட்பாட்டைக் கண்ணாடியில் வார்த்தெடுத்த வடிவம் என்று இதைச் சொல்வது மிகையாகாது. 1950கள் வரை இவ்வகைப் புட்டிகள் புழக்கத்தில் இருந்தன.

புட்டியின் கண்ணாடி ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றால், அதன் வாயில் பொருத்திய ரப்பரின் பெரும்பங்கு மலாயாவின் மண்ணிலிருந்து சென்றது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் மலாயா உலகின் முதன்மையான ரப்பர் நாடாகியது. செபராங் பிறையிலும் கெடாவிலும் பேராக்கிலும் பால்மரக் காடுகளில் மரம் சீவியவர்களில் மிகப் பலர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள். விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்றால்தான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால், அவ்வேலைக்குப் போன தாய்மார் கைக்குழந்தைகளை இருட்டிலேயே தோட்டத்து ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. மார்பில் பால் கட்டிய நிலையில் தாய் மரத்தடியில் நிற்க, குழந்தை கொட்டகையில் வேறு பாலைக் குடித்தது. உலகின் குழந்தைகளுக்கு ரப்பர் காம்பு கிடைப்பதற்கான உழைப்பில் இப்பெண்களின் பங்கு எந்தப் புட்டியிலும் பொறிக்கப்படவில்லை. பினாங்கில் அத்தகைய புட்டியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் நினைக்க வேண்டியது அவர்களையே.

கொட்டகையிலும் நகரத்து வீடுகளிலும் புட்டிக்குள் சென்றது பெரும்பாலும் டப்பாப்பால். பசும்பாலின் நீரில் பெரும்பகுதியை ஆவியாக்கிக் கெட்டியாக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆங்கிலோ சுவிஸ் நிறுவனம் பால்காரியின் படம் போட்ட டப்பாவில் அதை உலகெங்கும் அனுப்பியது. 1905இல் நெஸ்லேயுடன் இணைந்த அந்நிறுவனம், மலாயாவில் தன் வணிகத்தை 1912இல் தொடங்கிய இடம் பினாங்கு. 1939இல்தான் அது கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அந்த டப்பாக்களின் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்காமல் காத்த வெள்ளீயப் பூச்சுக்கான உலோகத்தையும் இப்பகுதியே உலகுக்கு அளித்தது. பேராக்கின் சுரங்கங்களில் எடுத்த தாது ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த ஆலையில் உருக்கப்பட்டுக் கப்பலேறியது. வெள்ளீயமாகவும் ரப்பராகவும் வெளியே சென்றவை, டப்பாவாகவும் புட்டிக் காம்பாகவும் விலைகூடி அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்த வட்டத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வீட்டுப் பொருள் வேறொன்று இருக்க முடியாது.

டப்பாப்பால் வெப்ப நாட்டில் கெடாமல் இருப்பதன் காரணம், அதில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை சேர்க்கப்படும் சர்க்கரை. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் தன்னில் விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றிவிடுவதால் அது பெருக இயலாது. இதனை ஊடுபரவல் அழுத்தம் என்பர். ஆனால் குழந்தைக்காகப் பாலில் நீரைக் கலந்த அந்தக் கணமே இப்பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. பினாங்கின் 30 பாகை வெப்பத்தில், இனிப்பும் புரதமும் கலந்த நீர் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகும். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நுண்ணுயிர் ஒன்று நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும் என்று கணக்கிட்டால், காலையில் கரைத்து வைத்த பாலை நண்பகலில் ஊட்டுவதன் ஆபத்து விளங்கும். கலந்த நீர் கிணற்று நீராகவும் புட்டி அரைகுறையாகக் கழுவியதாகவும் இருந்தால் தொடக்க எண்ணிக்கையே ஆயிரங்களில் இருக்கும்.

கிருமி இல்லாதபடி கரைத்தாலும் இப்பால் குழந்தைக்கு ஏற்றதன்று. தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையும், 4 கிராம் கொழுப்பும், 1 கிராம் புரதமும் உள்ளன. அவற்றுடன் குழந்தையின் குடற்சுவரைக் காக்கும் எதிர்ப்புரதங்களும், நல்ல நுண்ணுயிர்களுக்கு மட்டுமே உணவாகும் சிறப்புச் சர்க்கரைகளும் சேர்ந்து சுரக்கின்றன. டப்பாப்பாலை இனிப்பு மட்டுப்படும் அளவுக்கு நீர்த்தால் கொழுப்பும் புரதமும் போதாமற்போகும். போதுமான அளவுக்குக் கெட்டியாகக் கரைத்தால் சர்க்கரை மிகுந்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலிலிருந்து செய்த மலிவு வகையில் கொழுப்போடு வைட்டமின் ஏயும் போய்விடுவதால், அதையே நம்பி வளர்ந்த குழந்தைகளின் கருவிழி உலர்ந்து, புண்ணாகிப் பார்வையே அழியும் நிலை ஏற்படும். புட்டிப் பாலில் வளர்ந்த குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்ததால் அது நலத்தின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. ஆங்கில நாளேடுகளின் விளம்பரங்கள் அந்த நம்பிக்கைக்கு நெய் வார்த்தன.

இதை வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்திய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காவில் பிறந்த அவர், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில் பணியாற்றியபோது புரதக்குறை நோயான குவாஷியோர்கரை 1933இல் மருத்துவ உலகுக்கு விளக்கியவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தபடி குழந்தைகள் நலப்பணி செய்த அவர், டப்பாப்பால் ஊட்டப்பட்ட குழந்தைகள் சாவதை நேரில் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்று அமைந்தது. பொருந்தாத பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பரப்புவதால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் துணிந்து சொன்னவர் அவர். பின்னர் திரங்கானுவில் பணியாற்றியபோது ஜப்பானியப் படையெடுப்பு நேர்ந்து, சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டு, போர் முடிந்தபின் 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

அந்த உரை விதைத்தது பினாங்கில் முளைத்தது என்பது வரலாற்றின் பொருத்தமான திருப்பம். 1970களில் எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் உணவு, மருந்து, விளம்பரம் ஆகியவற்றைப் பற்றிப் பொதுமக்களிடம் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசத் தொடங்கியது. உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆசியப் பகுதிக்கான தன் அலுவலகத்தைப் பினாங்கிலேயே அமைத்தது. அதன் தலைவராக 1978 முதல் 1984 வரை இருந்த அன்வர் ஃபசால், 1979 அக்டோபரில் ஜெனீவாவில் உருவான அனைத்துலகக் குழந்தை உணவு நடவடிக்கை வலையமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். அவ்வலையமைப்பின் வாதங்கள் வலுச்சேர்க்க, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களைச் சந்தைப்படுத்துவதற்கான அனைத்துலக நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை 1981 மே 21 அன்று ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. பால்மாவைப் பற்றியது என்றே பலரும் நினைக்கும் இந்நெறிமுறை புட்டியையும் காம்பையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அவற்றைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரிகள் தருவதும் கூடாது என்கிறது. 1991இல் தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டணி தோன்றியபோது அதன் செயலகம் பினாங்கில் அமைந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் உலகத் தாய்ப்பால் வாரம், 1992இல் இக்கூட்டணி தொடங்கி வைத்ததே. டப்பாப்பால் நிறுவனம் மலாயாவில் காலூன்றிய நகரமே, எண்பது ஆண்டுகளுக்குள் தாய்ப்பாலுக்கான உலகக் குரலாகவும் மாறியதை ஜார்ஜ்டவுன் தன் கட்டடங்களைக் குறித்துக் கொள்ளும் பெருமிதத்தோடு எண்ணிப் பார்க்கலாம்.

பழைய புட்டி ஒன்றின் வயதை அறிய உதவும் தடயங்கள் பெரும்பாலும் அதன் உடலிலேயே உள்ளன. அச்சில் ஊதப்பட்ட கண்ணாடியில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அக்கோடு வாய் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள் என்றும், விளிம்பின் மேலும் ஏறிச் சென்றால் எந்திரத்தில் செய்தது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். முழுத் தானியங்கிப் புட்டி எந்திரத்தை அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் இயக்கிக் காட்டியது 1903இல். மணலில் கலந்திருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் தருவதால், அதை மறைக்க முற்காலத்தில் மாங்கனீசு சேர்த்தனர். அத்தகைய கண்ணாடி பல்லாண்டு வெயிலில் கிடந்தால் புறஊதாக் கதிரால் மாங்கனீசு அயனியின் மின்சுமை மாறி மெல்லிய ஊதா நிறம் ஏறும். எனவே ஊதா நிறத்தைக் கறையென்று எண்ணித் தேய்ப்பது வீண். 1915இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அறிமுகப்படுத்திய பைரெக்ஸ் கண்ணாடி பால்புட்டிக்கும் வந்தபோது வேறொரு தொல்லை தீர்ந்தது. சாதாரணக் கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் உட்பக்கம் விரைந்து விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்பதால் ஏற்படும் இழுவையில் அது வெடிக்கிறது. போரான் கலந்த பைரெக்ஸ் கண்ணாடி அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவதால் கொதிநீரைத் தாங்கும்.

பின்னர் வந்த பிளாஸ்டிக் புட்டி உடையாது என்ற ஒரே தகுதியால் கண்ணாடியை ஓரங்கட்டியது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலிருந்து பாலில் கசியும் பிஸ்ஃபீனால் ஏ என்னும் வேதிப்பொருள் உடலின் ஹார்மோன்களைப் போல நடிக்கக்கூடியது என்பதால், அது கலந்த பால்புட்டிகளை மலேசியா 2012 மார்ச்சில் தடைசெய்தது. அதற்கு மாற்றாக வந்த பாலிபுரோப்பிலீன் புட்டியில் சுடுநீரில் பால்மா கரைக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிரக்கூடும் என டப்ளினின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். கண்ணாடிப் புட்டி மீண்டும் கடைகளுக்கு வந்திருப்பதற்கு இவையும் காரணம். ஆனால் இதைச் சாக்காக வைத்துப் பாட்டியின் புட்டியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், வெந்நீர் பட்டதும் அது பிளக்கும். அதன் வாய்க்குப் பொருந்தும் புதிய காம்பும் எளிதில் கிடைக்காது.

புட்டி நிலைத்திருக்க ரப்பர் மட்டும் அழிந்து போவதற்கும் வேதியியல் காரணம் உண்டு. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் தாக்கி அறுப்பதால், அது முதலில் பிசுபிசுத்துப் பின்னர் வெடித்து உதிர்கிறது. ஆகவே பழைய காம்போடு கிடைக்கும் புட்டி அரியது. அக்காம்பை வெள்ளிச் சங்குடன் ஒரே பெட்டியில் வைப்பது தவறு. ரப்பரிலிருந்து வெளியேறும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் சேர்ந்து வெள்ளி சல்பைடாகிச் சங்கைக் கறுக்கச் செய்யும். புட்டியின் உட்சுவரில் வெண்மையாகப் படிந்திருப்பது பாலின் கால்சியம் பாஸ்பேட் என்றால், நீர்த்த வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஊறியும் போகாத மங்கல், ஈரக்காற்று கண்ணாடியிலுள்ள சோடியத்தை இழுத்து வெளியேற்றியதால் ஏற்பட்ட அரிப்பாகும், அதைத் தேய்த்து நீக்க இயலாது. பினாங்கின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் மிகுந்திருப்பதால், மூடிய அலமாரிக்குள் அவ்வப்போது காற்றோட்டம் விடுவதும், சமையலறைச் சுவரையொட்டி வைக்காதிருப்பதும் நலம்.

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போய்ச் சேரும் எந்தப் பழைய கலமும் யார் வீட்டுப் பொருள், எந்தக் குழந்தை குடித்தது என்ற செய்திகளை வழியிலேயே இழந்துவிடுகிறது. எஞ்சுவது விலை மட்டுமே. இத்தகைய புட்டியையோ சங்கையோ பாலாடையையோ வீட்டில் வைத்திருப்பவர்கள், அதில் பால் குடித்த பிள்ளை யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் அல்லது எந்தத் தெருவில், டப்பாப்பாலா ஆட்டுப்பாலா, பாலைக் கரைத்து ஊட்டியவர் யார் என்பனவற்றை ஓர் அட்டையில் தமிழில் எழுதிப் பொருளுடன் கட்டி வைக்க வேண்டும். அந்தக் காலத்து ஆயாக்கொட்டகையைக் கண்ணால் கண்டவர்களில் பலர் இப்போது முதுமையடைந்துவிட்டனர். அவர்களிடம் இதைக் கேட்டு எழுதிக்கொள்வதை அடுத்த தீபாவளிக்கு ஒத்திப்போடாதீர்கள்.